பப்பாளியில் எதிர்பாராமல் வரும் ஆண் மரங்கள்: அடையாளம் காண்பது, கழிப்பது, வராமல் பார்த்துக்கொள்வது

பப்பாளி விதை போட்டவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஐந்து மாதம் தண்ணீரும் உரமும் வாங்கிக்கொண்டு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மரம், பூ வரும் வேளையில் நீளமான காம்பைத் தொங்கவிட்டுக் கொத்துக் கொத்தாகச் சின்னப் பூக்களைக் காட்டும். அது ஆண் மரம். காய்க்காது. பிறகு தண்டில் ஆணி அடிப்பது, நுனியை வெட்டுவது, யாரோ சொன்ன மருந்தைத் தெளிப்பது என்று இன்னும் இரண்டு மாதம் வீணாகும்.

மரம் ஆணா பெண்ணா என்பது விதை உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் நாம் கைவைக்கக்கூடிய இடங்கள் மூன்றுதான்: எந்த விதையை எடுக்கிறோம், ஒரு குழிக்கு எத்தனை நாற்று வைக்கிறோம், முதல் மொட்டு வந்ததும் எவ்வளவு சீக்கிரம் கழிக்கிறோம். இந்த மூன்றையும் சரியாகச் செய்தால் ஆண் மரம் ஒரு தொல்லையே அல்ல. அளவோடு இருந்தால் அது தேவையும்கூட.

மூன்று வகை மரங்கள்

பப்பாளியில் பெண் மரம், ஆண் மரம், இருபால் மரம் என மூன்று உண்டு. பெண் மரத்தில் சூலகம் மட்டும் இருக்கும். மகரந்தம் வெளியிலிருந்து வரவேண்டும். ஆண் மரத்தில் மகரந்தம் மட்டும். இருபால் மரத்தின் பூவில் இரண்டும் இருப்பதால் தனக்குத் தானே சேர்க்கை செய்து காய்க்கும்.

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். இருபால் மரத்திலும் ஒரு எக்ஸ் உண்டு. கூடவே இருப்பது கொஞ்சம் மாறுபட்ட இன்னொரு வகை ஒய். இரண்டு ஒய் சேர்ந்த கரு, எந்த வகை ஒய்யாக இருந்தாலும், பிழைக்காது, விதைக்குள்ளேயே அழிந்துவிடும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற கணக்கெல்லாம் தானாக வரும்.

பெண் மரப் பூவில் ஆண் மரத்து மகரந்தம் விழுந்தால் விதையில் பாதி பெண், பாதி ஆண். பெண் மரப் பூவில் இருபால் மகரந்தம் விழுந்தால் பாதி பெண், பாதி இருபால். ஆண் வரவே வராது. இருபால் பூ தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டால் மூன்றில் இரண்டு இருபால், ஒன்று பெண்; இதிலும் ஆண் கிடையாது. இருபால் பூவில் ஆண் மகரந்தம் விழுந்தால் மூன்று வகையும் சம அளவில் வரும்.

ஆக, ஒரு கன்று ஆணாக வந்திருக்கிறது என்றால், அந்த விதை உருவானபோது ஆண் மரத்து மகரந்தம் அங்கே இருந்திருக்கிறது என்று பொருள். கோ 2, கோ 5, பூசா நன்ஹா போன்றவை ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகங்கள். இவற்றில் ஆண் வருவது இயல்பு, எதிர்பார்த்தே நடவேண்டும். கோ 3, கோ 7, சூர்யா, சன்ரைஸ் சோலோ, ரெட் லேடி ஆகியவற்றில் பெண்ணும் இருபாலும்தான் வரவேண்டும். இவற்றில் ஓர் ஆண் தலைகாட்டினால் விதையில் கலப்பு நடந்திருக்கிறது. அந்த விதைப் பொட்டலத்திலிருந்து வளர்ந்த மற்ற மரங்களின் பழத்திலும் ரகத் தூய்மையை நம்பவேண்டாம். அவற்றிலிருந்து அடுத்த முறைக்கு விதை எடுக்கவும் வேண்டாம்.

பூக்கும் முன் கண்டுபிடிக்க முடியுமா

கண்ணால் முடியாது. ஆனாலும் பல பேச்சுகள் உண்டு: தண்ணீரில் மிதக்கும் விதை ஆண், மூழ்கும் விதை பெண். வேர் நேராகப் போனால் ஒன்று, பிரிந்தால் இன்னொன்று. விறுவிறுவென வளரும் நாற்று ஆண். எதையும் நம்பி நாற்றைக் கழிக்கவேண்டாம். மிதக்கும் விதை பெரும்பாலும் பொக்கு விதை, அவ்வளவுதான். வளர்ச்சி வேகத்தை வைத்துக் கழித்தால் இன்னும் கெடுதல்: நல்ல வீரியமுள்ள பெண் நாற்றையே பிடுங்கி எறிந்துவிட வாய்ப்பு உண்டு.

இலைத் துணுக்கிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அதைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில் பாலினத்தைச் சொல்லும் சோதனை ஆய்வகங்களில் உண்டு. நாற்றுப் பருவத்திலேயே விடை தெரியும். பெரிய நாற்றங்காலுக்கும் விதை உற்பத்திக்கும் அது பொருந்தும். பத்து மரம் வைப்பவருக்குக் கூடுதலாக இரண்டு நாற்று வைப்பதே எளிது.

ஒரு குழிக்கு எத்தனை நாற்று

ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகத்தில் ஒரு குழிக்கு ஒரு நாற்று வைத்தால் பாதிக் குழிகள் ஆணாகிவிடும். இரண்டு வைத்தால் இரண்டுமே ஆணாக இருக்கும் குழிகள் நூற்றுக்கு 25. மூன்று வைத்தால் 12 அல்லது 13. நான்கு வைத்தால் 6. தோட்டத்தில் மகரந்தம் கிடைக்க 20 பெண்ணுக்கு ஓர் ஆண், அதாவது நூறு குழிக்கு ஐந்து ஆண் தேவைப்படுகிறது. நான்கு நாற்று வைக்கும்போது முழுக்க ஆணாகிவிடும் ஆறு குழிகளும் இந்தத் தேவைக்கே ஏறக்குறையச் சரியாகப் போய்விடும். விதையில் சிக்கனம் பார்த்து இரண்டோடு நிறுத்துவதைவிட நான்கு வைப்பதே லாபம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

இருபால் வரும் ரகத்தில், தானே காய்க்கும் இருபால் மரம் குழிக்கு ஒன்றாவது கிடைக்க மூன்று நாற்று போதும். மூன்றில் இரண்டு பங்கு இருபாலாக வருவதால், மூன்று நாற்றும் பெண்ணாகிவிடும் குழி 27-க்கு ஒன்றுதான்.

குழி 45 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழத்தில் இருக்கட்டும். குழிக்குக் குழி 1.8 மீட்டர். ஒரே பையில் நான்கு விதையும் முளைத்திருந்தால் பையைக் கிழித்து மண்கட்டி உடையாமல் அப்படியே வைத்துவிடலாம். தனித்தனி நாற்றாக இருந்தால் குழிக்குள் ஒன்றுக்கொன்று ஓர் அடி தள்ளி வைக்கவேண்டும். இது முக்கியம். நெருக்கி வைத்தால் தண்டுகள் வெளிச்சம் தேடி ஆளுக்கொரு பக்கம் சாயும். கழித்த பிறகு மிஞ்சும் மரம் கோணலாகவே நின்று, காய்ப் பாரம் ஏறும்போது காற்றில் விழும். வேர்களும் பின்னிக்கொள்ளும்.

முதல் மொட்டைப் படிப்பது

நட்ட நான்காவது மாதத்திலிருந்து வாரம் இருமுறை ஒவ்வொரு இலைக்காம்பின் கக்கத்தையும் பார்க்கவேண்டும். ஆண் மரங்கள் பெரும்பாலும் கொஞ்சம் முந்திப் பூக்கும். அதனால் ஒரு குழியில் முதலில் பூத்ததே நல்ல மரம் என்று எண்ணி மற்றதை வெட்டிவிடக் கூடாது.

ஆண் மரத்தில் கக்கத்திலிருந்து முதலில் மெல்லிய காம்பு கிளம்பும். அதன் நுனியில் குண்டூசித் தலை அளவில் பல மொட்டுகள் கூட்டமாக இருக்கும். ஒரு வாரத்தில் காம்பு நீண்டு கிளைவிடும். முழு வளர்ச்சியில் இரண்டு மூன்று அடிகூடத் தொங்கும். பூ ஒல்லியான குழாய்போல இருக்கும். உள்ளே பத்து மகரந்தத் தாள்கள். சூலகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் முள்போன்ற மிச்சம்தான்.

பெண் மரத்தில் காம்பு குட்டையாக, தண்டோடு ஒட்டி இருக்கும். மொட்டு தனியாகவோ இரண்டு மூன்றாகவோ வரும். அடி பருத்து நுனி கூர்த்திருக்கும். ஐந்து இதழ்களும் அடிவரை தனித்தனியாகப் பிரியும்.

இருபால் மொட்டும் குட்டைக் காம்பில்தான் வரும். ஆனால் அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனில் உருளையாக இருக்கும். இதழ்களின் கீழ்ப்பகுதி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

சந்தேகமாக இருந்தால் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்த ஒரு மொட்டைப் பறித்து, பிளேடால் நெடுக்கில் பிளந்து பாருங்கள். நடுவில் உருண்டையான பச்சைச் சூலகமும் அதன்மேல் விசிறிபோலப் பிரிந்த ஐந்து சூல்முடிகளும் மட்டும் தெரிந்தால் பெண். நீண்ட சூலகத்தைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள் ஒட்டியிருந்தால் இருபால். சூலகமே இல்லாமல் மகரந்தப் பைகள் மட்டும் என்றால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: காம்பு.

பலர் தவறுவது இங்கேதான். கடும் வெயிலிலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் இருபால் மரம் சூலகம் சுருங்கிய மலட்டுப் பூக்களைப் பூக்கும். பிளந்து பார்த்தால் ஆண் பூ போலவே இருக்கும், உதிர்ந்தும் போகும். அதை ஆண் என்று வெட்டிவிடுகிறார்கள். காம்பு குட்டையாக இருந்தால் அது ஆண் மரமல்ல. தண்ணீர் முறையாகக் கொடுத்து, அடுத்தடுத்த மூன்று கணுக்களில் வரும் பூக்களைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். வெயில் தணிந்ததும் அதே மரம் காய்பிடிக்கும். மாறாக, குளிரிலும் ஈரத்திலும் தழைச்சத்து மிகும்போதும் இருபால் பூவின் மகரந்தத் தாள்கள் சூலகத்தோடு ஒட்டி, மடிப்பு மடிப்பாகக் கோணிய காய்கள் வரும். அதுவும் நோயல்ல, அந்தக் காய்களைப் பிஞ்சிலேயே கிள்ளிவிட்டால் போதும்.

கழிக்கும் முறை

ஆண் என்று உறுதியானதும் அன்றே வெட்டிவிடுங்கள். பக்கத்து மரத்தின் வெளிச்சமும் உரமும் பறிபோவது ஒவ்வொரு வாரமும் கூடும்.

பிடுங்கக் கூடாது. ஒரே குழியில் வேர்கள் பின்னியிருப்பதால், ஆணைப் பிடுங்கினால் பெண்ணின் வேரும் அறுபடும். பப்பாளி அந்த அதிர்ச்சியைத் தாங்காது. மண்மட்டத்தில் கூரான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டவேண்டும். ஒரு சாண் கட்டை விட்டு வெட்டினால் பக்கத்தில் துளிர்த்துக்கொண்டே இருக்கும். பப்பாளித் தண்டு உள்ளே குழலாக இருப்பதால், மிஞ்சிய கட்டையில் மழைநீர் தேங்கி அழுகும். அந்த அழுகல் பக்கத்து மரத்தின் அடித்தண்டுக்கும் பரவும். தடித்த கட்டை மிஞ்சினால் குறுக்காக இரண்டு வெட்டுப் போட்டுப் பிளந்துவிடுங்கள், தண்ணீர் வடிந்துவிடும். வெட்டிய பள்ளத்தில் மேல்மண் போட்டு மேடாக்குங்கள். இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே பப்பாளி சாய்ந்துவிடும்.

வெட்டும்போது வடியும் பால் தோலில் அரிக்கும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இலையில் மஞ்சள் தேமலும் காம்பில் எண்ணெய்ப் பசைபோன்ற கரும்பச்சைக் கோடும் தெரியும் மரத்தைக் கடைசியில் வெட்டுங்கள். அது வளையப்புள்ளி நச்சுயிரியாக இருக்கலாம். அசுவினி மூலம்தான் அது பெரும்பாலும் பரவுகிறது என்றாலும் சாறு வழியாகவும் தொற்றும். ஒவ்வொரு குழிக்கும் நடுவில் கத்தியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொள்வது நல்லது.

கழித்து முடித்த பிறகுதான் முழு உரம். அதற்கு முன் கொடுப்பதில் பாதி வெட்டிப்போடும் மரத்துக்கே போகும். கழித்த பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மரத்துக்கு 50 கிராம் தழைச்சத்து, 50 கிராம் மணிச்சத்து, 50 கிராம் சாம்பல்சத்து. இது சத்தின் எடை, உரத்தின் எடை அல்ல. யூரியாவாக 110 கிராம், சூப்பர் பாஸ்பேட்டாக 310 கிராம், பொட்டாஷாக 83 கிராம் என்று எடுத்து, தண்டிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளி வட்டமாகத் தூவி, மண்ணில் கிளறித் தண்ணீர் விடவேண்டும்.

எல்லா ஆணையும் வெட்டிவிடாதீர்கள்

ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகத்தில் ஆண் மரமே இல்லையென்றால் பெண் மரங்களில் பூ உதிரும். உதிராமல் தங்குவதும் விதையில்லாத சின்னக் காயாகவே நின்றுவிடும். 20 பெண்ணுக்கு ஓர் ஆண் என்று விடுங்கள். ஒவ்வொரு நான்காவது வரிசையிலும் ஐந்து குழிக்கு ஒன்றில் ஓர் ஆண் என்று வைத்தால் கணக்கு சரியாக இருக்கும். முழுக்க ஆணாகிப்போன குழி இந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். அதில் நிற்கும் நான்கில் ஒன்றை மட்டும் விட்டால் போதும். இருபால் மரம் பக்கத்தில் இருந்தால் ஆண் தேவையில்லை, அதன் மகரந்தமே பெண்ணுக்கும் ஆகும்.

வீட்டில் இரண்டே பெண் மரம் நிற்கிறது, ஆண் இல்லை என்றால் கையால் சேர்க்கை செய்யலாம். வேறிடத்து ஆண் மரத்தில், மறுநாள் விரியப்போகும் மொட்டுகளைக் கொத்தாக மாலையில் பறித்து, காம்பை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காலையில் விரிந்த பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, மஞ்சள் தூள் வெளியே தெரியும் பகுதியை, அன்று விரிந்த பெண் பூவின் சூல்முடியில் ஐந்து விரிவுகளிலும் படும்படி மெல்லத் தேய்க்கவேண்டும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு மூன்று ஆண் பூ செலவானாலும் பரவாயில்லை. மகரந்தம் குறைந்தால் விதை குறையும், விதை குறைந்தால் பழம் சிறுக்கும்.

ஆணைப் பெண்ணாக மாற்றும் முயற்சிகள்

ஆணி அடிப்பதால் பாலினம் மாறாது. நுனியை வெட்டுவதாலும் மாறாது. சில ஆண் மரங்களில் பருவநிலை மாறும்போது நீண்ட காம்பின் நுனியில் ஓரிரு இருபால் பூக்கள் வந்து, ஒல்லியான காய்கள் தொங்கும். வெட்டிய சமயமும் இந்தச் சமயமும் ஒன்றாக அமைந்துவிட்டால், வெட்டியதால் காய்த்தது என்று பேச்சாகிவிடுகிறது. அந்தக் காயைச் சாப்பிடலாம். விதையை மட்டும் போடாதீர்கள். ஆணின் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொண்ட விதை அது, மூன்றில் இரண்டு பங்கு ஆணாகவே வரும்.

இடம் குறைந்த வீட்டுத் தோட்டத்தில், நன்றாக வேரூன்றிய ஆண் மரத்தை வீணாக்க மனமில்லை என்றால் ஒட்டுக்கட்டலாம். தண்டை இரண்டரை அடி உயரத்தில் சாய்வாக வெட்டி, குழலின் வாயைப் பாலித்தீன் தாளால் மூடிக் கட்டுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பக்கத்துளிர்கள் வரும். வெவ்வேறு திசையில் இருக்கும் இரண்டை மட்டும் விடுங்கள். அவை பென்சில் தடிமன் ஆனதும், காய்த்துக்கொண்டிருக்கும் பெண் அல்லது இருபால் மரத்தின் பக்கக்கிளையிலிருந்து அதே தடிமனில் 10 சென்டிமீட்டர் துண்டு எடுத்து, இலைகளைக் கிள்ளிவிட்டு, அடியை 3 சென்டிமீட்டர் ஆப்பு வடிவில் சீவி, துளிரின் நடுவில் பிளந்து செருகி, ஒட்டு நாடாவால் இறுக்கிக் கட்டவேண்டும். மேலே ஈரம் காக்க ஒரு பாலித்தீன் பை. நேர் வெயில் படக்கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் ஒட்டிய துண்டு துளிர்த்தால் பையை ஒரேயடியாக எடுக்காமல், முதலில் வாயைத் தளர்த்தி, சில நாள் கழித்து எடுங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை விடாமல் கிள்ளவேண்டும், அவை ஆண் துளிர்கள். நூறு மரத் தோட்டத்தில் இந்த வேலை கட்டுப்படியாகாது.

முழுக்க ஆணாகிவிட்ட குழியில் புது நாற்று வைப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். சுற்றிலும் ஐந்து மாத மரங்கள் நிழல் விரித்திருக்கும். இடையில் வைக்கும் நாற்று நீண்டு மெலிந்து, கடைசிவரை பின்தங்கியே நிற்கும். ஓரக் குழியாக இருந்து வெயில் விழுந்தால் மட்டும் வைக்கலாம்.

அடுத்த முறைக்கு விதை எடுப்பது

ஆண் வராத விதை வேண்டுமென்றால் நன்றாகக் காய்க்கும், நோயில்லாத ஓர் இருபால் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் பழம் நீண்டு அல்லது பேரிக்காய் வடிவில் இருக்கும். பெண் மரத்துப் பழம் உருண்டை. விரிவதற்கு ஒருநாள் முந்திய மொட்டுகள் நான்கைந்துக்கு வெண்ணெய்த்தாள் பை மாட்டி, வாயை நூலால் கட்டுங்கள். தாள் பைக்குள் அதிகம் வியர்க்காது. பாலித்தீன் பை மாட்டினால் பூ அழுகிவிடும். இதழ் உதிர்ந்து பிஞ்சு பருக்கத் தொடங்கியதும் பையை எடுத்துவிட்டு, காம்பில் அடையாள நூல் கட்டுங்கள். பழம் மரத்திலேயே முக்கால் மஞ்சளாகட்டும். விதைகளை எடுத்து, மேலே வழுக்கும் சவ்வைச் சாம்பலோடு தேய்த்து நீக்கி, கழுவி, நிழலில் உலர்த்துங்கள். சவ்வோடு போட்ட விதை முளைக்கத் தாமதிக்கும், சிலது முளைக்காமலே போகும். விதை பழசாக ஆக முளைப்பு குறையும் என்பதால் உலர்ந்த உடனேயே பைக்கு மூன்று அல்லது நான்கு விதையாக, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டுவிடுவது உத்தமம். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். 60 நாளில் நடவுக்குத் தயாராகும்.